மூன்று பட்டையைக் கழற்றிவைத்துவிட்டு மீண்டும் போகிறவர்களுக்கு

ஹவில்தாராகவும் நாயக்காகவும் பென்ஷன் வந்து, மறுபடியும் சிப்பாயாக டி.எஸ்.சி.க்குள் நுழையத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்கு,

உங்களில் பலர் என்னிடம் போனில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மனு எப்படிப் போடுவது, மெடிக்கல் எங்கே நடக்கும் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அதெல்லாம் ரெக்கார்டு ஆபீஸ் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் கேட்பது இதைத்தான்: “அண்ணே, மூணு பட்டை போட்ட கையோட போய் மறுபடி சிப்பாயா நிக்கணுமா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நான் மதராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராகப் பென்ஷன் வந்து, பிறகு டி.எஸ்.சி.யில் சிப்பாயாகச் சேர்ந்து அந்தப் பணியையும் முடித்தவன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள். ஆனால் நீங்கள் விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டு போங்கள். அதைச் சிறிதாக எடைபோட யாரையும் விடாதீர்கள்.

நம்மைத் தெரியாத வாசகர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகச் சில வரிகள். டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் என்பதைத்தான் நாம் டி.எஸ்.சி. என்கிறோம். நாடு சுதந்திரம் அடைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 பிப்ரவரி 25 அன்று தொடங்கப்பட்டது. அதன் மையம் கேரளத்துக் கண்ணூரில் இருக்கிறது. வெடிமருந்துக் கிடங்கு, விமானப்படைத் தளம், கடற்படை நிலையம், ராணுவத் தளவாடத் தொழிற்சாலை, ஆராய்ச்சிக்கூடம் என்று முப்படைக்கும் சொந்தமான இடங்களைக் காவல் காப்பது அதன் வேலை. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருமுறை படையில் பணிமுடித்து வெளியே வந்தவர்கள். வெளியே வரும்போது இரண்டு பட்டை போட்ட நாயக்கோ மூன்று பட்டை போட்ட ஹவில்தாரோ, உள்ளே போகும்போது பட்டையில்லாத சிப்பாய். அதுதான் விதி.

படைவீரன் பென்ஷன் வரும் வயதைக் கேட்டால் வெளியாள் நம்பமாட்டார். பதினெட்டு, பத்தொன்பதில் சேர்ந்த சிப்பாய் நாற்பதுக்கு முன்பே வெளியே நிற்பான். ஹவில்தாராக உயர்ந்தவனும் நாற்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்துவிடுவான். மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது படித்துக்கொண்டிருப்பார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவன் பள்ளித்தோழனுக்கு இன்னும் இருபது வருடம் சம்பளம் இருக்கும். படையை இளமையாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காக இப்படி அனுப்புகிறார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுப்பது நாம்தான்.

சம்பளத்துக்காகத்தான் திரும்பப் போகிறோம் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பிள்ளைகளைப் படிக்கவைக்க உழைப்பதைவிட மானமான காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. வெளியே இருக்கும் வழிகளையும் பார்த்திருப்பீர்கள். ஏ.டி.எம். வாசல், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட், ஜவுளிக்கடையின் முகப்பு. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986 முதல் நம்மவர்களுக்குக் காவல் வேலை வாங்கித் தருகிறது. அது எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, அதைக் குறைசொல்லமாட்டேன். அரசு வேலைகளில் இடஒதுக்கீடும் இருக்கிறது, தேர்வு எழுதி வென்றவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இரவில் ஒரு குடியிருப்பின் கேட்டில், யார் எவர் என்று தெரியாத ஒரு வீட்டுக்காரர் ஹார்ன் அடித்து அதட்டும்போது, எதிரே நிற்பவர் எல்லைக் கோட்டில் ஒரு செக்‌ஷனையே நடத்தியவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டி.எஸ்.சி.யில் உங்களை அதட்டுகிறவருக்கு அது தெரியும். தெரிந்தும் அதட்டினால் அது வேறு வலி. அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டை போவது எப்படி இருக்கும் என்பதைப் பேசாமல் தாண்டிவிட முடியாது. நம் ஊர்களில் பதவி வீட்டின் பெயராகவே மாறிவிடுகிறது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கம், கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில், ‘ஹவில்தார் வீடு’ என்றால் தபால்காரர் நேராகக் கொண்டுவந்து கொடுப்பார். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ‘ஹவில்தார்’ என்று அச்சடிப்பார்கள். அப்படிப்பட்டவர் புது யூனிட்டில் பட்டையில்லாத சட்டையோடு ரோல் காலில் நிற்கிறார். டியூட்டி பிரித்துக் கொடுக்கும் நாயக் அவரைவிட இளையவராக இருக்கலாம். பல வருடம் ஆள்களை நிறுத்திப் பெயர் வாசித்தவர் இப்போது தன் பெயர் வாசிக்கப்படும்போது ‘ஹாஜிர்’ சொல்ல வேண்டும். ஃபட்டீக் என்னும் எடுபிடி வேலைக்கு ஆள் கேட்டால் போக வேண்டும். இளைஞன் ஒருவன் கார்டு மாற்றும்போது தப்பாகச் செய்தால் வாய் தானாகத் திறக்கும். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத்தாக இருந்த பழக்கம் அது. அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளக் கற்க வேண்டும். முதல் சில மாதங்களில் எனக்கு மிகக் கடினமாக இருந்தது அதுதான். இரவு டியூட்டியோ குளிரோ அவ்வளவு படுத்தவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு போவதை ஊர் ‘இறக்கம்’ என்கிறது. சொந்தக்காரர்களும் சொல்வார்கள், சில வீடுகளில் மனைவியே சொல்வார். உங்களை உள்ளே எடுத்துக்கொள்ளும் அமைப்பும் சில நேரம் அப்படியே நினைக்கிறது. இந்த எண்ணம் தவறு என்று சொல்ல எனக்கு ஒரு பழைய சரித்திரம் துணையாக இருக்கிறது. டியூட்டி இல்லாத பொழுதுகளில் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரோமாபுரியின் வரலாற்றை எழுதிய லிவியிடம் அதைப் படித்தேன்.

கிறிஸ்து பிறப்பதற்கு 171 ஆண்டுகளுக்கு முன், மாசிடோனிய மன்னன் பெர்சியஸ்மீது ரோம் போர் தொடுக்க ஆள் திரட்டியது. பழைய வீரர்களையும் கூப்பிட்டார்கள். ரோமப் படையில் பெயரளவில் நூறு பேர் கொண்ட பிரிவுக்குத் தலைமை தாங்குபவர் நூற்றுவர் தலைவர். அவர்களிலும் லீஜியன் என்ற பெரும்படைப் பிரிவுக்கே முதல்வராக இருப்பவர் மிகப் பெரியவர். அந்த முதல் இடத்தில் இருந்து ஓய்வுபெற்ற 23 பேர், தங்களை மறுபடி கூப்பிட்டபோது எழுந்து நின்றார்கள். முன்பு வகித்த பதவியைவிடக் கீழான பதவியில் எங்களைச் சேர்க்கக் கூடாது என்று மக்கள் பிரதிநிதிகளிடம் முறையிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. இன்று நீங்கள் என்னிடம் கேட்பதும் அதே கேள்விதான்.

அந்தக் கூட்டத்தில் ஸ்பூரியஸ் லிகஸ்டினஸ் என்பவர் பேச அனுமதி கேட்டார். சபைன் நாட்டு விவசாயி. அப்பா விட்டுச்சென்றது ஒரு யூகெரம் நிலமும் ஒரு குடிசையும். நம் கணக்கில் ஏறக்குறைய 62 சென்ட். அந்தக் குடிசையில்தான் பிறந்தார், அப்போதும் அங்கேதான் வாழ்ந்தார். ஆறு மகன்கள், இரண்டு மகள்கள். மகள்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து இரண்டு வருடம் உழைத்து, மூன்றாம் வருடத்தில் நூற்றுவர் தலைவர் ஆனார். படை கலைந்து வீடு திரும்பினார். பிறகு யாரும் கட்டாயப்படுத்தாமலே தொண்டராக ஸ்பெயினுக்குப் போனார். மீண்டும் ஒருமுறை தொண்டராக, சிரிய மன்னன் ஆன்டியோகஸை எதிர்த்த போருக்குப் போனார். அப்படி வெறும் ஆளாகத் திரும்பிப்போன ஒவ்வொரு முறையும், அங்கிருந்த தளபதி அவரைப் பார்த்து உரிய இடத்துக்கு உயர்த்தினார். சில ஆண்டுகளுக்குள் நான்கு முறை லீஜியனின் முதல் நூற்றுவர் தலைவராக இருந்தார். வீரத்துக்காக 34 முறை பரிசு பெற்றார். சக வீரனின் உயிரைக் காப்பாற்றியதற்குத் தரும் இலைக்கிரீடம் மட்டும் ஆறு. மொத்தம் 22 வருடப் படைச்சேவை. வயது ஐம்பதுக்கு மேல்.

விலக்குக் கேட்க எல்லா உரிமையும் உள்ள அந்த மனிதர், தன்னைப் படைக்குத் தகுதியானவன் என்று ஒருவர் நினைக்கும்வரை விலக்குக் கேட்கமாட்டேன் என்றார். எந்தப் பதவி என்பதைப் படை அதிகாரிகள் முடிவு செய்யட்டும், வீரத்தில் என்னை யாரும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொன்னார். முறையிட்ட நண்பர்களைப் பார்த்தும் பேசினார். அவர் பேச்சுக்குப் பிறகு மற்றவர்கள் முறையீட்டைக் கைவிட்டார்கள்.

இதுவரை கேட்டதும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். பார், நல்ல வீரன் பதவி கேட்கமாட்டான் என்பார்கள். இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். லிவி அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதியிருக்கிறார். ரோமின் தலைமை ஆட்சியாளரான கான்சல் அவரைச் செனட் சபைக்கு அழைத்துப் போனார். செனட் அவருக்கு நன்றி சொன்னது. பதவி முடிவு செய்ய வேண்டிய அதிகாரிகள் அவரை முதல் லீஜியனின் முதல் நூற்றுவர் தலைவராக நியமித்தார்கள். கீழே நிற்கத் தயார் என்றவரை மேலே நிறுத்தினார்கள். விருப்பம் வீரனுடையது, மரியாதை நாட்டினுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுக் கதை.

ரோமர்கள் இதைத் தனி மனிதரோடும் விட்டுவிடவில்லை. பணிக்காலம் முடித்துவிட்டுத் தளபதி அழைத்ததால் திரும்பி வந்த வீரர்களுக்கு ‘எவோகாட்டி’ என்று தனிப்பெயரே இருந்தது. அரண் கட்டுவது, குழி வெட்டுவது போன்ற அன்றாட வேலைகளிலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு. சாதாரண வீரனுக்கு மேலே, நூற்றுவர் தலைவருக்குக் கீழே அவர்கள் இடம். பழையவன் திரும்பி வந்தால் அவனோடு அவன் அனுபவமும் வருகிறது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

நம் நிலைக்கு வருவோம். 2016 ஜனவரி 2 அதிகாலையில் பதான்கோட் விமானப்படைத் தளத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். அந்தத் தாக்குதலில் உயிரிழந்த பாதுகாப்புப் படையினர் ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் டி.எஸ்.சி.காரர்கள். 1995 காமன்வெல்த் துப்பாக்கி சுடும் போட்டியில் தங்கம் வென்ற ஃபதே சிங் அவர்களில் ஒருவர். இமாச்சலப் பிரதேசத்து ஜக்தீஷ் சந்த் இன்னொருவர். கையில் ஆயுதம் இல்லாமல் இருந்த நேரத்தில் ஒரு பயங்கரவாதியைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டுக் கொன்றார். மற்றவர்களின் குண்டுக்கு இரையானார். ஒருமுறை பணி முடித்து வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் இவர்கள். அந்த வாரம் தொலைக்காட்சிகளில் எத்தனை பேர் ‘வயதான ஓய்வுபெற்ற காவலர்களை நிறுத்தினால் இப்படித்தான்’ என்று பேசினார்கள் என்பதை நான் மறக்கவில்லை. வெறுங்கையோடு துரத்தியவரின் வயதைப் பேசியவர்கள், அவர் கையில் அந்நேரம் ஏன் ஆயுதம் இல்லை என்பதை அதே அளவு பேசியிருக்க வேண்டும்.

என் குறை இங்கேதான். பட்டை கழற்றப்படுவதை நான் எதிர்க்கவில்லை. புது யூனிட்டுக்குப் புது வரிசை வேண்டும். எல்லோரும் ஹவில்தாராகவே வந்தால் சென்ட்ரி போஸ்டில் யார் நிற்பது? ஆனால் பட்டையோடு அனுபவத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டதாக நினைப்பதை எதிர்க்கிறேன். ஒரு தளத்தின் சுற்றுச்சுவரில் எங்கே புதர் வளர்ந்தால் ஆள் பதுங்கலாம் என்று, காஷ்மீரத்தில் ரோந்து போன சிப்பாய்க்குத் தெரியும். அவனிடம் யாரும் கேட்பதில்லை. நான் இருந்த ஓர் இடத்தில் வேலி ஓரத்து மண்சரிவு பற்றி ஒரு பழைய ஹவில்தார் சொன்னார். “நீ இப்ப சிப்பாய், சொன்ன இடத்துல நில்லு” என்று பதில் வந்தது. மழைக்குப் பிறகு அந்த இடத்தில் வேலி சாய்ந்தது. தெரிந்தும் அதட்டினால் வரும் வலி என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். டி.எஸ்.சி. பிளட்டூன்களை நடத்தும் அதிகாரிகளும் சுபேதார் சாப்மார்களும் இதைப் படித்தால், ஒரே ஒரு வேண்டுகோள். புதிதாக வரும் ஒவ்வொருவரின் பழைய சர்வீஸ் விவரத்தையும் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பேர் வாசிக்கும்போது நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று தெரியும்.

தம்பிமார்களே, இனி உங்களுக்கு நேரடியாகச் சில விஷயங்கள். உணர்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. டி.எஸ்.சி. சேவைக்குத் தனியாக இரண்டாவது பென்ஷன் வேண்டுமென்றால் அங்கே 15 வருடம் முடிக்க வேண்டும். தாமதமாகச் சேர்ந்தால் வயதுவரம்பு அதற்கு முன்பே உங்களை வெளியே அனுப்பிவிடும். அப்போது கையில் கிடைப்பது பணிக்கொடைதான். ஆகவே போவதானால் தள்ளிப்போடாதீர்கள். வெளியே வந்து நீண்ட இடைவெளி விட்டாலும் கதவு மூடிவிடும். உடம்பும் ராணுவ மருத்துவத் தகுதியின் முதல் நிலையான ஷேப்-1இல் இருக்க வேண்டும். ஊருக்கு வந்த மறுவாரமே ஓடுவதை நிறுத்திவிட்டு வயிறு வளர்க்கிறவர்கள் மெடிக்கலில் திரும்பி வருகிறார்கள்.

அடுத்து, சேரும்போது உங்களிடம் ஒரு தேர்வு கேட்பார்கள். பழைய பென்ஷனை வாங்கிக்கொண்டே புது சேவையைத் தனியாக வைத்துக்கொள்வதா, அல்லது பழைய பென்ஷனை நிறுத்தி இரண்டு சேவையையும் சேர்த்துக்கொள்வதா என்று. பத்துப் பேர் எழுதியதைப் பார்த்து நீங்களும் எழுதாதீர்கள். உங்கள் வயது, உங்கள் பழைய சேவை வருடம், பழைய பென்ஷன் தொகை மூன்றையும் காகிதத்தில் போட்டுக் கணக்குப் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மனைவியையும் அழைத்துப் போய்க் கேளுங்கள். வீட்டுச் செலவு அவருக்குத்தான் தெரியும். பென்ஷனோடு வரும் அகவிலை நிவாரணம் மறுபணிக் காலத்தில் உங்களுக்கு உண்டா இல்லையா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கி போட்டுவிட்டுப் பல வருடம் கழித்து மொத்தமாகப் பிடித்தால் அந்த மாதம் அடுப்பு எரியாது.

மூன்றாவது விஷயம்தான் என்னை மிகவும் வருத்துவது. 15 வருடத்துக்குச் சில மாதங்கள் குறைவாக முடித்தவர்கள் இருக்கிறார்கள். வயதுவரம்பு வந்து வெளியேற்றப்பட்டவர்கள், அவர்களாக விட்டுப் போகவில்லை. வழக்கமான படைச்சேவையில் பென்ஷனுக்கு ஓராண்டுக்குள்ளான குறைவை மன்னிக்க விதி இருக்கிறது. டி.எஸ்.சி.யின் இரண்டாவது பென்ஷனுக்கு அது பொருந்தாது என்று அரசுத் தரப்பு வாதாடியது. நம்மவர்கள் ராணுவத் தீர்ப்பாயப் படியேறினார்கள். பல வழக்குகளில் தீர்ப்பாயம் வீரர் பக்கம் நின்றது. இருந்தாலும் ஐம்பத்தைந்து வயது கடந்த சிப்பாய் ஒருவர் சில மாதக் குறைவுக்காக வக்கீல் தேடி அலைவது இந்த நாட்டுக்குப் பெருமை தராது. அந்த வயதிலும் அந்தப் பதவியிலும் அவர் நின்றது நாடு கேட்டதால்தான். தீர்ப்பு வந்த ஒருவருக்குக் கொடுத்ததை, அதே நிலையில் உள்ள எல்லோருக்கும் வழக்கில்லாமலே கொடுக்க வேண்டும். இப்படிச் சில மாதக் குறைவால் பென்ஷன் நின்றுபோனவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால், சென்னையிலேயே தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது என்று சொல்லுங்கள். பலருக்கு அதுகூடத் தெரியவில்லை.

ஊர்ப்பேச்சைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உங்கள் முதல் பென்ஷன் நீங்கள் வெளியே வந்தபோது இருந்த பதவிக்கே நிர்ணயமானது. அதை நிறுத்தாமல் தனியாக வைத்துக்கொண்டால், டி.எஸ்.சி.யில் சிப்பாயாகச் சேர்வதால் அது ஒரு ரூபாய்கூடக் குறையாது. பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். “அப்பா மறுபடி சிப்பாய் ஆகப் போறேன்” என்று நீங்கள் நேராகச் சொன்னால் அவர்கள் நேராகவே ஏற்றுக்கொள்வார்கள். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால்தான் அதில் ஏதோ கேவலம் இருப்பதாக நினைப்பார்கள். என் மகளிடம் நான் நேராகத்தான் சொன்னேன். “அப்ப திரும்பவும் புரமோஷன் வாங்குவீங்களா?” என்று மட்டும் கேட்டாள். டி.எஸ்.சி.யிலும் நாயக், ஹவில்தார், சுபேதார் என்று ஏறும் படிகள் உண்டு. மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

அக்னிவீரர்களாக நான்கு வருடத்தில் வெளியே வரும் பிள்ளைகள் இனி நம்மைப் பார்ப்பார்கள். ஒருமுறை சீருடை போட்டவன் மறுபடி சீருடை போடும்போது நாடு அவனை எப்படி நடத்துகிறது என்பதை அவர்கள் நம்மிடமிருந்துதான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உத்தரவுக்குக் கீழ்ப்படியுங்கள், டியூட்டியில் குறைவைக்காதீர்கள். அதே நேரம், தெரிந்ததைச் சொல்லுங்கள். வேலி சரியில்லை என்றால், விளக்கு எரியவில்லை என்றால், ஆயுதம் எடுக்க அதிக நேரம் ஆகிறது என்றால், முறைப்படி எழுதிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் அடுத்த மாதமும் எழுதிக் கொடுங்கள்.

இந்த மாதம் பென்ஷன் வருகிறவர்கள் டிஸ்சார்ஜுக்கு முன்பே உங்கள் ரெக்கார்டு ஆபீஸில் டி.எஸ்.சி. மறுசேர்க்கைக்கான விருப்பத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். சேரும் முடிவில் இருப்பவர்கள் கணக்கைப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
முன்னாள் ஹவில்தார், முன்னாள் டி.எஸ்.சி. சிப்பாய்